பென்சில் எழுத்தை அழிக்கலாமா?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய உரை கேட்கலாம் என்று வானொலியைத் திருப்பியவர்களுக்கு இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வியப்பாக இருக்கலாம். பழைய சிகரெட் பெட்டிகளுள் வைத்து விற்கப்பட்ட சிறு படஅட்டைகளைப் பற்றியும், அவற்றின் மேல் யாரோ பென்சிலாற் கீறிய கீறல்களைப் பற்றியும், அக்கீறல்களை அழிறப்பர் கொண்டு அழிக்கலாமா என்பதைப் பற்றியுமே பேச எண்ணியுள்ளேன். இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இருபது வருடங்களாக இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிப்பவன் நான். மாணவர் எழுதுவதும், நான் திருத்துவதும், அவர்கள் அழிப்பதும், மீண்டும் எழுதுவதுமாகவே என் நாட்கள் கழிகின்றன. எழுதப்பட்ட ஒன்றை எப்பொழுது அழிக்கலாம், எப்பொழுது அழிக்கலாகாது என்ற கேள்வி தமிழாசிரியனுக்குப் புறம்பானதன்று. அந்தக் கேள்வி சென்ற ஆண்டு என் வீட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது.

வீட்டுக் கூரை திருத்துவதற்காக அறைகளை ஒதுக்கியபோது, அம்மாவின் றங்குப் பெட்டிக்குள் ஒரு பழைய பிஸ்கற் ரின் அகப்பட்டது. திறந்து பார்த்தேன். உள்ளே, ஒவ்வொன்றுக்கும் இடையில் மெழுகுத்தாள் வைத்து அடுக்கப்பட்ட சிறு அட்டைகள். எண்ணினேன், 43 இருந்தன. முன்புறத்தில் வண்ணத்தில் அச்சிட்ட புகையிரத இயந்திரங்கள். பின்புறத்தில் ஆங்கிலத்தில் ஒவ்வோர் இயந்திரத்தைப் பற்றிய விளக்கமும், வில்ஸ் சிகரெட் கம்பனியின் பெயரும். அந்த விளக்கத்தின் மேலும் ஓரத்திலுமாகப் பென்சிற் கீறல்கள்.

அம்மப்பா மலாயா றெயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தவர். 1946 இல் ஊர் திரும்பிய பின் அவர் 'மலாயாப் பென்சனியர்'. அவரோடு வேலைசெய்த ஆங்கிலப் பொறியியலாளர் ஒருவர், விடுமுறைக்கு இங்கிலாந்து போய்வரும்போதெல்லாம் தம் சிகரெட் பெட்டிகளுள் கிடந்த அட்டைகளைச் சேர்த்துவந்து அம்மப்பாவுக்குக் கொடுப்பாராம். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

இந்த அட்டைகளின் பிறப்பைச் சிறிது சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட் மெல்லிய தாட்பொதியில் விற்கப்பட்டது. கைபட்டால் நசுங்கிவிடும். நசுங்காதிருக்க உள்ளே ஒரு வெற்று அட்டையைச் செருகினார்கள். வெற்றாகக் கிடக்கும் அட்டையில் ஒரு படத்தை அச்சிட்டால் என்ன என்ற எண்ணம் அமெரிக்க வியாபாரிகளுக்கு வந்தது. 1880களில் நடிகையரும் விளையாட்டு வீரரும் அங்கே அட்டைகளில் ஏறினர். பிரித்தானியாவில் பிறிஸ்ரல் நகரத்து வில்ஸ் கம்பனி 1896 இல் கிரிக்கெற் வீரர்களின் படங்களைத் தொடராக வெளியிட்டது. ஐம்பது அட்டைகள் ஒரு தொடர் என்பது பின்னர் பொதுவழக்காயிற்று. புகைப்பது தந்தை, சேர்ப்பது பிள்ளை. பூக்கள், பறவைகள், கப்பல்கள், கொடிகள், அரசர்கள் என்று ஓர் ஏழைப் பிள்ளையின் கலைக்களஞ்சியமாகவே இவை அமைந்தன எனலாம். 1940 இல் போர்க்காலத் தாட்பஞ்சம் இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது.

அழித்தல் என்பது இந்த அட்டைகளின் வரலாற்றிலேயே உண்டு. வோட்டர்லூ போரின் நூற்றாண்டு 1915 இல் வந்தது. அதற்கென வில்ஸ் கம்பனி ஒரு தொடரை ஆயத்தஞ் செய்தது. ஆனால் அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வோட்டர்லூவில் தோற்ற பிரான்ஸ் இப்போது தோழமை நாடு. நண்பனின் பழைய தோல்வியைச் சிகரெட் பெட்டியில் வைத்து விற்பது நாகரிகமன்று என்று தொடர் நிறுத்தப்பட்டது. 1936 இல் எட்டாம் எட்வேட் மன்னர் முடிதுறந்தபோது, அவரைப் பற்றிய தொடரும் கடைக்கு வராமலே போயிற்று. நம்முடைய ரின்னில் இருந்த புகையிரத இயந்திரத் தொடரும் அதே 1936 ஆம் ஆண்டுக்குரியதே.

ரின் அகப்பட்ட செய்தியை இலண்டனில் இருக்கும் என் மச்சானுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். அம்மாவின் தம்பி மகன். பழம்பொருட் சந்தைகளில் நாட்டமுள்ளவர். "மச்சான், இஞ்சை உதுகளைச் சேர்க்கிற ஆக்கள் இருக்கினம். பின்னாலை கிடக்கிற பென்சில் கீறலை மட்டும் அழிச்சுப்போட்டு அனுப்பு. துப்புரவா இருந்தால்தான் வாங்குவாங்கள்," என்றார். பெரிய தொகை ஒன்றும் கிடைக்காது, இலட்சக்கணக்கில் அச்சிட்ட அட்டைகள் இவை என்பதையும் அவரே சொன்னார். ஆனாலும் கூரைக்குச் சில ஓடுகளாவது வரட்டுமே என்று நினைத்தேன்.

அழிப்பதற்கு முன் முறையைப் படித்துக்கொண்டேன். படித்தபோதுதான் இது சேகரிப்பாளரிடையே நெடுங்காலமாக நடக்கும் வழக்கு என்பது தெரிந்தது.

ஒரு சாரார் சொல்வது இது: பென்சிற் கீறல் அட்டையோடு பிறந்ததன்று. பின்னால் வந்த அழுக்கு. தூசியைத் தட்டுவது போல அதை நீக்குவதில் என்ன குற்றம்? வெட்டிய மூலையை ஒட்டுவதும் மங்கிய நிறத்தின் மேல் நிறம் பூசுவதுமே மோசடி. அழிறப்பர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லையே என்பார்கள். மறுசாரார் சொல்வது இது: அட்டை ஒன்று தொழிற்சாலையில் மட்டும் பிறப்பதில்லை. அது வாழ்ந்த வாழ்வும் அதன் பகுதியே. அழித்துவிட்டு, அழித்ததைச் சொல்லாமல் விற்பவன் வாங்குபவனை ஏமாற்றுகிறான். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு.

அமெரிக்காவில் இந்த வழக்கு இன்னும் கூர்மையானது. அங்கே பேஸ்போல் வீரர்களின் அட்டைகள் பெரும் பணமாகிவிட்டன. மிக்கி மான்ரில் என்ற வீரரின் 1952 ஆம் ஆண்டு ரொப்ஸ் அட்டை ஒன்று 2022 இல் 126 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அட்டைகளைச் சோதித்து ஒன்று முதல் பத்து வரை புள்ளியிடும் நிறுவனங்கள் அங்கே இயங்குகின்றன. 1991 இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்னும் நிறுவனம், பேனையாலோ பென்சிலாலோ குறியிடப்பட்ட அட்டைக்குப் புள்ளியோடு 'குறியுள்ளது' என்ற அடையாளத்தையும் சேர்த்துவிடும். அழித்த தடயம் தெரிந்தாலும் ஆபத்துத்தான். துப்புரவு செய்யப்பட்ட அட்டை என்று புள்ளியே மறுக்கப்படலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ரொப்ஸ் கம்பனி 1950களின் பிற்பகுதியிலிருந்து தன் தொடர்களில் பெயர்ப்பட்டியல் அட்டைகளையும் வெளியிட்டது. எல்லா வீரர்களின் இலக்கங்களும் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அருகே ஒரு சிறு வெற்றுச் சதுரம் இருக்கும். கிடைத்த அட்டைக்கு நேரே குறியிடு என்பதே அந்தச் சதுரத்தின் பொருள். சொன்னபடி செய்த பிள்ளைகளின் அட்டைகள் இன்று விலை குறைந்தவை. சதுரத்தை வெறுமையாக விட்ட பிள்ளையின் அட்டையே விலை கூடியது. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இது நெருடுகிறது. பயிற்சிக் கொப்பியில் விடை எழுதாத மாணவனுக்கே முதற் பரிசு என்பது போல இருக்கிறதல்லவா?

பணமொன்றையே அளவாகக் கொள்ளாத சேகரிப்பாளரும் இருந்தார். ஜெபர்சன் பேடிக் என்பது அவர் பெயர். நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் மின்கருவிப் பாகங்களைப் பொருத்தும் சாதாரண தொழிலாளி. மூட்டுவாத நோயாளி. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் சேர்த்து, 1947 இலிருந்து நியூயோர்க் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். பின்னர் அங்கேயே வந்திருந்து, வளைந்துபோன விரல்களால் அவற்றை அல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். அதே ஆண்டு மார்ச்சில் காலமானார். பசை பூசி ஒட்டிய அட்டைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பது அவருக்குத் தெரியாததன்று. அவர் சேர்த்தது விற்பதற்காக அல்ல.

இனி அழிக்கும் முறைக்கு வருவோம். பென்சிலுள் இருப்பது ஈயம் அன்று, அது கரி. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கண்டெடுத்தபோது அதை ஒருவகை ஈயம் என்றே எண்ணினார்கள். 1779 இல் ஷீலே என்னும் வேதியியலாளரே அது கரியின் ஒரு வடிவம் என்று காட்டினார். நாம் அதைக் காரீயம் என்கிறோம். கருமை கூட்டல் ஈயம். ஐரோப்பியரின் பிழை நம் சொல்லிலும் அழியாமல் நிற்கிறது. சொற்களும் பழைய கீறல்களைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன.

காரீயம் மை போலத் தாளினுள் ஊறுவதில்லை. மிக மெல்லிய செதில்களாகத் தாளின் நார்களிடையே தங்கி நிற்கும். அழிறப்பர், தாள் பற்றியிருப்பதைவிட இறுக்கமாக அந்தச் செதில்களைப் பற்றி, தானும் தேய்ந்து தூளாகி, அத்தூளோடு அவற்றைக் கொண்டுபோகிறது. இறப்பர் வருமுன் பாணின் மென்மையான உட்பகுதியை உருட்டித் தேய்த்தே அழித்தார்கள். 1770 இல் ஜோசப் பிறீஸ்லி என்னும் அறிஞர், பென்சிற் குறியைத் துடைக்கும் ஒரு பொருள் இலண்டனில் விற்பனையாவதாகத் தம் நூலிற் குறித்தார். அரை அங்குலக் கட்டி ஒன்று மூன்று சிலிங்.

இந்த இரண்டு பொருளுக்கும் நம் தீவோடு உறவு உண்டு. போகல, ககட்டகஹ சுரங்கங்களிலிருந்து எடுக்கும் காரீயம் உலகிலேயே மிகத் தூயது என்று பெயர் பெற்றது. பிறேசிலின் இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைவிட்டு, 1876 இல் கன்றுகளாக வந்து நின்றதும் கம்பஹா மாவட்டத்து ஹெனரத்கொட தோட்டத்திலேதான். எழுதும் பொருளும் அழிக்கும் பொருளும் ஒரே மண்ணில்.

அழிக்கத்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்குச் சொல்லவேண்டியவை சில உள்ளன. முதலில் மேசை விளக்கைச் சரித்து, அட்டையின் மேல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். கீறல் வெறும் கரியா, அழுத்தத்தாற் பள்ளமும் விழுந்திருக்கிறதா என்பது தெரியும். பள்ளம் விழுந்திருந்தால் அழித்தும் பயனில்லை. கரி போகும், பள்ளம் போகாது. அடுத்து, அது சாதாரண பென்சிலா என்று பாருங்கள். அக்காலக் கந்தோர்களில் 'கொப்பியிங் பென்சில்' என்றொன்று இருந்தது. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம். ஈரம் பட்டாலோ ஊதா மையாகப் பரவிவிடும். அதை அழிறப்பர் அழிக்காது. எச்சில் தொட்டுத் துடைப்பவர் அட்டையையே இழப்பார்.

ஈரம் எந்த வகையிலும் ஆகாது. 1930களின் வில்ஸ் அட்டைகள் பலவற்றின் பின்புறத்தில் முத்திரையில் இருப்பது போலப் பசை பூசப்பட்டிருக்கும். ஒரு பென்சுக்கு விற்ற அல்பத்தில் ஒட்டுவதற்காக அந்த ஏற்பாடு. நம் நாட்டுப் புழுக்கத்தில் அவை தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அம்மப்பா மெழுகுத்தாள் வைத்ததன் காரணம் அதுவே.

பாடசாலைப் பிள்ளைகளின் நிறமூட்டிய அழிறப்பரும், மை அழிக்கும் சொரசொரப்பான அழிறப்பரும் ஆகா. அவற்றில் அராவும் பொடி கலந்திருக்கும். அது கரியோடு தாளின் தோலையும் உரித்துவிடும். மென்மையான வெள்ளை வைனில் அழிறப்பரே ஏற்றது. அதைச் சிறு ஆப்புப் போல வெட்டிக்கொள்ளுங்கள். கையைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அட்டையைக் கண்ணாடி போன்ற மட்டமான தளத்தில் வையுங்கள். மென்தூரிகையால் தூசியை நீக்குங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரே திசையில், இறகு தொடுவது போலத் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ஓரம் மடிந்துவிடும். படமுள்ள முன்புறத்தைத் தொடவே வேண்டாம். வண்ண அச்சும் பளபளப்பும் கரியோடு போய்விடும். அழிறப்பர்த் தூள் ஒன்றுகூட மிஞ்சாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். கிடந்தால் நாளடைவில் ஒட்டிக்கொண்டு கறையாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முற்றாக அழியுமுன்னரே நிறுத்தத் தெரியவேண்டும். வயதாற் பழுப்பேறிய தாளை அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால், கீறல் இருந்த இடம் வெளிறிய வட்டமாகிவிடும். அந்த வெண்மை, கீறலைவிடப் பெரிதாகக் கண்ணை உறுத்தும். பெறுமதியற்ற ஓர் அட்டையில் முதலிற் செய்து பார்ப்பது நன்று.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டுதான், ஒரு சனிக்கிழமை பிற்பகல் மேசையில் அமர்ந்தேன். ஆனால் மேலே முதலாவதாகச் சொன்ன விளக்கைச் சரிக்கும் வேலையை மட்டும் செய்யவில்லை. பகல் வெளிச்சம் தாராளமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். கீறல்களை வாசித்துப் பார்க்கவும் இல்லை. கோணல்மாணலான கோடுகள். நானோ என் சகோதரரோ சிறுவயதிற் கிறுக்கியிருப்போம் என்று எண்ணினேன். ஓர் அட்டையில் 'கோசி' என்று இருந்தது கண்ணிற் பட்டது. 'கோச்சி' என்று எழுத வந்த பிள்ளை 'ச்'சன்னாவை விட்டுவிட்டது என்று மனத்துள் சிவப்பு மையாற் சுழித்துவிட்டு, அதையும் அழித்தேன். எழுத்துப் பிழையை அழிப்பதில் ஆசிரியனுக்குத் தயக்கம் ஏது? ஏழு அட்டைகள் முடிந்தன. முறைப்படி செய்ததால் துப்புரவாக வந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எட்டாவது அட்டையைக் கையில் எடுத்தபோது அம்மா தேநீரோடு வந்தார். மேசையில் இருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார். அட்டைகளைப் பார்த்தார்.

"உதை ஏன் தம்பி அழிக்கிறாய்?"

"விக்கிறதெண்டால் துப்புரவா இருக்கவேணுமாம் அம்மா. ஆரோ கிறுக்கி வைச்சிருக்கினம்."

அம்மா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து இருந்தார்.

"அது கிறுக்கினதில்லை. அது அண்ணையின்ர எழுத்து."

எனக்குத் தெரிந்து அம்மாவுக்கு அண்ணன் இல்லை. அம்மாதான் மூத்தவர் என்றே நாங்கள் வளர்ந்தோம்.

அன்றுதான் அம்மா சொன்னார். மலாயாவில் அம்மப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் முதலில் பிறந்தது ஓர் ஆண்பிள்ளை. 1936 ஆம் ஆண்டு. ஏடு தொடக்கிச் சிறிது காலத்தில் யப்பானியர் மலாயாவைப் பிடித்துவிட்டார்கள். பாடசாலை இல்லை. கொப்பி இல்லை. எழுதுவதற்குத் தாள் இல்லை. அம்மப்பா அந்த அட்டைகளின் பின்புறத்தைக் காட்டி, கந்தோர்ப் பென்சிற் துண்டொன்றைக் கொடுத்து எழுதப் பழக்கினார். 1944 இல் காய்ச்சல் வந்தது. மருந்து கிடைக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. 1946 இல் ஊருக்கு வந்தபோது அவர்கள் கொண்டுவந்தது அந்த ரின்னை மட்டுமே. அம்மா பிறந்தது 1948 இல். தம் அண்ணனை அவர் கண்டதில்லை. ஒரு படம் கூட இல்லை. அம்மம்மா உயிரோடு இருந்தவரை ஆண்டுக்கொரு முறை அந்த ரின்னைத் திறந்து மெழுகுத்தாளை மாற்றுவாராம். வேறு ஒன்றும் பேசமாட்டாராம்.

"எனக்கும் அம்மா ஒருக்காத்தான் சொன்னவ. அதுக்குப் பிறகு கேக்கிறதுக்கு எனக்கு மனம் வரேல்லை," என்றார் அம்மா.

ஏழு அட்டைகளை அழித்துவிட்டேன் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். அம்மா என்னைக் கோபிக்கவில்லை. அழித்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, மிச்சம் கிடக்குதுதானே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் கோபித்திருக்கலாம் என்றிருந்தது.

அன்றிரவு விளக்கைச் சரித்து வைத்தேன். பிற்பகலிற் செய்திருக்க வேண்டியதை இரவிற் செய்தேன். அழித்த அட்டையொன்றை எடுத்து வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினேன். கரி இல்லை. ஆனால் பசை பூசிய தாளின் மேல், நிழல் விழுந்த மெல்லிய பள்ளமாக, ஓர் எழுத்துத் தெரிந்தது. எழுதப் பழகும் பிள்ளை பென்சிலை அழுத்தித்தான் எழுதும். முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அடுத்த பக்கத்திலும் எழுத்து விழுந்திருக்கும். சேகரிப்பாளர் குறை என்று சொல்லும் அந்தப் பள்ளமே எனக்கு அன்று கைகொடுத்தது. 'கோசி' என்ற இரண்டு எழுத்தையும் மீண்டும் வாசித்தேன். ஏழில் ஐந்து அட்டைகளை வாசிக்க முடிந்தது. இரண்டில் ஒன்றும் தெரியவில்லை. அவற்றில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. அதைப் போக்கியவன் நான்.

நேயர்களே, பென்சில் எடுத்து அந்தப் பள்ளங்களின் மேல் மீண்டும் எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. எழுதியிருந்தால் அது அந்தப் பிள்ளையின் எழுத்தாகாது, என் எழுத்தாகும். பிழையின் மேற் பொய்யும் சேர்ந்திருக்கும்.

இங்கேதான் நம் பதிப்பாசிரியர்களின் நினைவு வந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். தொட்டால் ஒடியும் ஏடுகள், பூச்சி அரித்த ஏடுகள், ஏடெழுதுவோர் பிழைபட எழுதிய ஏடுகள். இவற்றை வைத்துக்கொண்டுதான் அவர்கள் வேலைசெய்தார்கள். தாம் சரியென்று கொண்ட பாடத்தை மேலே அச்சிட்ட சாமிநாதையர், கொள்ளாத பாடங்களைத் துடைத்தெறிந்துவிடவில்லை. பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் வைத்தார். தமக்குப் பிழையாகத் தோன்றுவது பின்வரும் ஒருவருக்குச் சரியாகத் தோன்றலாம். அவருக்கும் அதைப் பார்க்க உரிமை உண்டு. பதிப்பு அறம் என்று நான் வகுப்பிற் கற்பிப்பது இதைத்தான். கற்பித்தவனே என் மேசையில் அதை மறந்திருந்தேன்.

எனவே நானும் ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். ஒரு தனித்தாளில், எந்த இலக்க அட்டைகளில் எழுத்து அழிக்கப்பட்டது, யாரால், எந்தத் திகதியில், சரிந்த வெளிச்சத்தில் வாசிக்க முடிந்தவை எவை, முடியாதவை எவை என்று வரிசையாக எழுதி, கையொப்பமிட்டு, ரின்னுள் வைத்தேன். மற்ற 36 அட்டைகளும் அப்படியே இருக்கின்றன.

மச்சானுக்கும் சொன்னேன். "உனக்குப் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா. அவற்றை எழுத்து அது," என்றேன். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்பா ஒரு நாளும் சொல்லேல்லை, மச்சான். விக்கவேண்டாம். ஒரு அட்டையைப் படம் எடுத்து அனுப்பு. எழுத்துத் தெரியத்தக்கதா எடு," என்றார்.

அப்படியானால் எந்தப் பென்சில் எழுத்தையும் அழிக்கலாகாதா என்று நீங்கள் வினவலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. பழைய புத்தகக் கடைக்காரர் எழுதிய விலையை அழியுங்கள். கையிருப்பு இலக்கத்தை அழியுங்கள். இரவல் வாங்கிய பாடநூலில் நீங்களே இட்ட கோடுகளை, திருப்பிக் கொடுக்குமுன் கட்டாயம் அழியுங்கள். விற்பதற்காக அழித்தால், அழித்ததை வாங்குபவருக்குச் சொல்லுங்கள். ஆனால் எதையும் அழிக்குமுன் அதை ஒருமுறை வாசியுங்கள். வாசித்தும் விளங்காவிட்டால், வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே அவரிடம் காட்டிக் கேளுங்கள். கையெழுத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் நெடுங்காலம் நம்மோடு இருப்பதில்லை. பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டும் ஒன்றை அழிப்பதற்குப் போதிய காரணமாகாது. இதைத் தமிழாசிரியன் ஒருவனே சொல்லவேண்டி வந்தது.

கூரை வேலை ஓடு குறைந்தபடியே முடிந்தது. பின்பக்கத்தில் தகரம் போட்டிருக்கிறோம். ரின் இப்போது றங்குப் பெட்டிக்குள் இல்லை. அம்மாவின் கட்டிலருகே இருக்கிறது. சென்ற மாதம் மெழுகுத்தாள்களை மாற்றினோம். அம்மா ஒவ்வோர் அட்டையாக எடுத்துத் தந்தார். நான் தாளை வெட்டி வைத்தேன். 'கோசி' அட்டை வந்தபோது, "லைற்றைக் கொஞ்சம் சரிச்சுப் பிடி, தம்பி," என்றார்.